ஓஸ்லோவா, பெர்கனா, டிரான்ஹைமா, டிரோம்சோவா? நார்வேக்குக் குடிவர நினைப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு ராத்திரி சித்தி மகன் கூப்பிட்டான். "அக்கா, நார்வேல ரெண்டு இடத்துல வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணு ஓஸ்லோ, இன்னொண்ணு டிரான்ஹைம். ஓஸ்லோல சம்பளம் கொஞ்சம் கூட. எதை எடுக்கட்டும்?" அவன், மனைவி, நான்கு வயது மகள், மூன்று பேரும் வரப்போகிறார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன், வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் 2011-ல் படிக்க வந்தவள். டிரான்ஹைமில் இரண்டு வருஷம், வேலைக்காக ஓஸ்லோவில் ஐந்து வருஷம், வீட்டுக்காரர் வேலைக்காக டிரோம்சோவில் மூன்று வருஷம், இப்போது பெர்கன். எண்ணெய்க் கம்பெனிகளின் ஊரான ஸ்டவாங்கரில் நான் இருந்ததில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சம்பளத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெளிச்சம், மழை, மொழி, இந்த மூன்றையும் பாருங்கள். அதிலும் மொழிக்குத்தான் முதலிடம்.

முதலில் வரைபடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. நார்வேயின் நிலப்பரப்பு சுமார் 3.24 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு. அதில் வாழ்பவர்கள் சுமார் 56 லட்சம் பேர், சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்களை விடக் குறைவு. தெற்கு முனையிலிருந்து வடக்கே நூர்காப் வரை நேர்கோட்டில் சுமார் 1,700 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து போபால் வரை போகிற தூரம் அது. வடகிழக்கு மூலையில் ரஷ்ய எல்லையை ஒட்டியிருக்கும் சிர்க்கெனெஸ் என்ற ஊர் இஸ்தான்புல்லை விடக் கிழக்கே இருக்கிறது என்று சொன்னால் இங்கேயே பிறந்தவர்கள் கூட ஒரு முறை வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவு நீளத்தில் விவசாயம் செய்யக்கூடிய நிலம் சுமார் 3 சதவீதம்தான். மற்றதெல்லாம் மலை, காடு, ஏரி, பாறை. பனியுகத்தில் பனியாறுகள் பாறையைக் குடைந்து குடைந்து போட்ட பள்ளங்களில் பிறகு கடல் உள்ளே வந்துவிட்டது, அவைதான் ஃபியோர்டுகள். சோங்னெ ஃபியோர்டு கடலிலிருந்து உள்ளே 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டர். இப்படி நிலம் துண்டு துண்டாகக் கிடந்ததால் பல நூற்றாண்டுகளுக்குக் கடல்தான் ரோடு. 1893-ல் தொடங்கிய ஹூர்திகுரூத்தன் கடலோரக் கப்பல் பெர்கனிலிருந்து சிர்க்கெனெஸ் வரைக்கும் இன்றைக்கும் போய்வருகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருப்பவரைப் பார்க்கக் குளிர்காலத்தில் போகவே முடியாத ஊர்களில் அந்தந்தப் பேச்சு அப்படி அப்படியே தங்கிவிட்டது. மொழி பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கும் தூரம் தூரம்தான். ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலில் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1909-ல் போட்ட பாதை, நடுவில் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்ற ஸ்டேஷன், அங்கே மே மாதத்திலும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைதான். டிரான்ஹைமுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். டிரோம்சோவுக்கு ரயிலே கிடையாது. தெற்கிலிருந்து வரும் ரயில் பாதை பூடோவில் முடிந்துவிடுகிறது, அங்கிருந்து வடக்கே பஸ், கப்பல், விமானம்தான். ஓஸ்லோவிலிருந்து டிரோம்சோவுக்குக் காரில் போவதென்றால் ஸ்வீடனுக்குள் புகுந்து போவதுதான் குறுக்கு வழி. எங்கள் வீட்டுச் சாமான் அப்படித்தான் போனது.

குளிர் பற்றி ஊரில் எல்லோரும் முதலில் கேட்பார்கள். உண்மையில் நான்கு ஊரில் எதிலும் குளிர் பெரிய பிரச்சினை இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் கரையோரம் முழுவதையும் சூடாக வைத்திருக்கிறது, துறைமுகங்கள் உறைவதில்லை. டிரோம்சோ இருப்பது 69 டிகிரி அட்சரேகைக்கும் மேலே, ஆனால் ஜனவரியில் சராசரி மைனஸ் மூன்று, நான்கு என்ற அளவுதான். ஓஸ்லோ கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் ஏறக்குறைய அதே குளிர் அங்கேயும் உண்டு, சில நாள் அதை விட மோசம். பெர்கனில் ஜனவரியிலும் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேதான். கம்பளி உடுத்தினால் குளிரைத் தாங்கிவிடலாம். தாங்க முடியாமல் போவது இருட்டு.

டிரோம்சோவில் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. முழு இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள், நண்பகலையொட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும், பனியும் மலையும் கடலும் எல்லாம் ஒரே நீலம். அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. முதல் வருஷம் அதை ரசித்தேன். இரண்டாவது வருஷம் டிசம்பரில் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. சமைக்கத் தோன்றாது, யாரிடமும் பேசத் தோன்றாது, பையனைக் கிளப்பிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து படுத்துவிடுவேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே மீன் எண்ணெய் குடிக்கிறீர்களா என்பதுதான். இங்கே அதை "திரான்" என்பார்கள், காட் மீன் ஈரல் எண்ணெய், விட்டமின் டி-க்காகக் குழந்தை முதல் தாத்தா வரை குடிப்பார்கள். நம் தோல் நிறத்துக்கு விட்டமின் டி இன்னும் கூடவே தேவை, அதனால் எந்த ஊருக்கு வந்தாலும் முதல் குளிர்காலத்துக்கு முன்னாலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஜனவரி 21-ஐ டிரோம்சோவில் சூரிய நாள் என்று கொண்டாடுவார்கள். மலைக்குப் பின்னால் இருந்து சூரியன் மறுபடி எட்டிப் பார்க்கும் நாள். ஊர் முழுக்க பேக்கரி வாசலில் வரிசை, "சூல்பொல்லே" என்று ஒரு பன், எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவி உள்ளே ஜாம் வைத்தது. பையனுடைய பள்ளியில் பிள்ளைகளை எல்லாம் பின்னால் இருக்கும் மேட்டுக்கு நடத்திக்கொண்டு போய் நிறுத்தினார்கள். மேகம், சூரியன் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று பாட்டுப் பாடினார்கள். இரண்டரை வயதில் என் மகன் கையில் பன்னைப் பிடித்துக்கொண்டு அந்த மேகத்தைப் பார்த்துக் கையசைத்தான். அந்த ஊர்மேல் எனக்கு இன்னும் இருக்கிற பாசத்துக்கு அந்த ஒரு காலைப் பொழுதே போதும்.

அப்புறம் மே 20-லிருந்து ஜூலை 22 வரை நேர் எதிர், சூரியன் மறையவே மறையாது. குழந்தையைத் தூங்க வைக்கக் கறுப்புத் திரை போட்டு ஓரத்தை டேப் வைத்து ஒட்டுவோம். ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருப்பார்.

மற்ற ஊர்களில் இந்த அளவு கிடையாது. டிசம்பர் கடைசியில் ஓஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம், பெர்கனிலும் கிட்டத்தட்ட அதேதான், டிரான்ஹைமில் நாலரை மணி நேரம். நாலரை என்பது கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் சூரியன் ஒரு முறையாவது முகத்தில் படுகிறதா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்திருந்தால் டிரோம்சோ வேண்டாம் என்றுதான் சொல்வேன், வேலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

பெர்கனுக்கு வருகிறேன். இங்கே இருட்டு இல்லை, மழை. வருஷத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர். சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் போல, ஆனால் அங்கே பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கும். 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரை விடாமல் 85 நாள் பெய்தது இந்த ஊரின் சாதனை. மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றியிருக்கும் ஏழு மலைகளில் மோதி மேலே ஏறும்போது மழையாகிவிடுகிறது. நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று செய்கிற வேலைதான், இங்கே அது பன்னிரண்டு மாதமும் நடக்கிறது. காற்று சுழற்றிச் சுழற்றி அடிப்பதால் குடை இரண்டு வாரம் தாங்காது. எல்லோரும் மழைக்கால்சட்டை, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

பையன் இங்கே குழந்தைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு அலமாரியைக் காட்டினார்கள். உள்ளே சூடான காற்று ஓடும், மேலே வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு ஒரு மழை உடுப்பு, கீழே கையுறைகள் செருகி வைக்கக் குச்சி குச்சியாக ஒரு தட்டு. கதவைத் திறந்தால் ஈரக் கம்பளி வாசனை, ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்த மாதிரி. அந்த அலமாரியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் மழை நிற்கும் என்று காத்திருக்கவே போவதில்லை, பிள்ளைகளை அதிலேயேதான் விளையாட விடப்போகிறார்கள் என்று. மழை நின்ற நாளில் பெர்கனுக்கு ஈடு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். 1918-லிருந்து ஓடும் கம்பிவட ரயிலில் ஃபுளோயன் மலைக்கு ஏறினால் கீழே துறைமுகம், பிரிக்கன் மரவீடுகள், தீவுகள், அதற்கப்பால் கடல். பிரிக்கன் என்பது ஜெர்மானிய ஹான்சா வணிகர்கள் சுமார் 1360-லிருந்து அலுவலகம் வைத்துக் கருவாட்டு வியாபாரம் செய்த துறை. வடக்கிலிருந்து வந்த காய்ந்த காட் மீன் இங்கே இறங்கி ஐரோப்பா முழுக்கப் போனது, தானியம் திரும்பி வந்தது. 1702 தீவிபத்துக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியவைதான் இப்போது நாம் பார்க்கும் வீடுகள்.

பணத்தைப் பற்றி அவ்வளவாக எழுதப்போவதில்லை. நான்கில் ஓஸ்லோவில்தான் வாடகை அதிகம், சம்பளத்தில் கிடைக்கும் கூடுதல் அதில் போய்விடும். பொருள்களுக்குப் பொதுவாக 25 சதவீத வரி, சாப்பாட்டுச் சாமானுக்கு 15 சதவீதம், எல்லா ஊரிலும் ஒன்றுதான். குழந்தைப் பள்ளிக்கு, இங்கே "பார்னஹாகே" என்பார்கள், அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2025 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 குரோனர். வீட்டுக்கு முன்பணம் பெரும்பாலும் மூன்று மாத வாடகை. ஆனால் அதை வீட்டு உரிமையாளர் கையில் கொடுக்கக் கூடாது, உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து அதில் பூட்டி வைப்பதுதான் சட்டம். என்னிடம் ஒருவர் "என் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்" என்று கேட்டார், வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

பெரிய வித்தியாசம் கரண்ட் பில்லில்தான். வீட்டைச் சூடாக்குவதே இங்கே பெரும்பாலும் மின்சாரத்தால், அந்த மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் நீர்மின்சாரம். நாடு ஐந்து விலைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவோடு கடலடிக் கம்பிகளால் தெற்குப் பகுதி இணைந்திருப்பதால் 2021 இலையுதிர்காலத்திலிருந்து ஓஸ்லோவிலும் பெர்கனிலும் விலை எகிறியது, டிரான்ஹைமிலும் டிரோம்சோவிலும் மலிவாகவே இருந்தது. டிரோம்சோவில் மின்சாரத்துக்கு விற்பனை வரியும் கிடையாது. அரசு மானியம் வந்தது, 2025 அக்டோபரிலிருந்து விரும்புகிறவர்கள் யூனிட்டுக்கு 50 ஓரே (அரைக் குரோனர்) என்ற நிலையான விலைக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் ஆகிவிட்டது, அதனால் இந்த வேறுபாடு முன்பு போல உறைக்காது. ஆனாலும் வாடகை பேசும்போது மின்சாரம் உட்பட்டதா இல்லையா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, மொழி. சித்தி மகன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டான், நான் அவன் மனைவியைப் பற்றிக் கேட்டேன். அவள் மதுரையில் எட்டு வருஷமாகப் பள்ளி ஆசிரியை. இவனுக்கு ஆங்கிலத்திலேயே வேலை ஓடிவிடும், அவளுக்கு ஓடாது. இங்கே பள்ளியில் கற்பிக்க நார்வேஜிய மொழியில் பொதுவாக பி2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1-க்கு மேல்படி) கேட்பார்கள். குடியுரிமைக்கே பேச்சில் பி1 வேண்டும். வேலை விசாவில் வருபவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மொழி வகுப்பு இலவசம் இல்லை, காசு கட்டித்தான் படிக்க வேண்டும். ஆக, அவள் எவ்வளவு சீக்கிரம் மொழி பேசுகிறாள் என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்து வருஷம் இருக்கிறது.

இதில் ஓஸ்லோதான் மிகவும் பின்தங்கிய ஊர். நான் அங்கே இருந்த ஐந்து வருஷத்தில் என் நார்வேஜியம் வளரவில்லை, குறைந்தது. ஆபீசில் ஆங்கிலம், கடையில் நான் ஒரு நிமிஷம் தடுமாறினால் உடனே அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உதவி செய்கிற எண்ணத்தில்தான். சனிக்கிழமை ஓஸ்லோவின் கிரன்லாண்ட் பகுதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனால் தமிழே போதும். வசதியாக இருந்தது, வசதியாக இருந்ததாலேயே நின்றுவிட்டேன். டிரான்ஹைமில் படித்தபோது அப்படி இல்லை. வகுப்பும் ஆய்வகமும் ஆங்கிலம்தான், ஆனால் வெளியே வந்தால் பேக்கரிக்காரம்மா, பஸ் டிரைவர், மேல்வீட்டுப் பாட்டி எல்லோரும் அவர்கள் பேச்சையே பேசினார்கள், மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள்.

இங்கேதான் பள்ளத்தாக்குக் கதை வருகிறது. நார்வேயில் பேச்சுக்கு ஒரு பொது வழக்கு என்று கிடையாது. எழுத்திலேயே பூக்மோல், நைநொர்ஸ்க் என்று இரண்டு. பேச்சில் ஊருக்கு ஒன்று, நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் அவரவர் ஊர்ப்பேச்சிலேயே பேசுவார்கள், யாரும் குறைவாக நினைப்பதில்லை. புத்தகத்தில் "நான்" என்பதற்கு "யெய்" என்று படித்துவிட்டுப் போனால், டிரான்ஹைமிலும் டிரோம்சோவிலும் ஏ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் ஒரே ஒரு ஒலி, அதுதான் "நான்". பெர்கனில் அது "ஏக்". "இல்லை" என்பதற்கு வகுப்பில் "இக்கே", டிரான்ஹைம் தெருவில் "இச்". என்னோடு படித்த வேற்று நாட்டுக்காரர்கள் இதில் மிரண்டுபோனார்கள். எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு "வந்துட்டிருக்காங்க" என்று பேசி வளர்ந்தவர்கள்தானே நாம், எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்பது நமக்குப் புதிதில்லை. இந்த ஒரு விஷயத்தில் தமிழர்களுக்கு உண்மையிலேயே ஒரு சாதகம் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மனிதர்களைப் பற்றிக் கேட்டால், முதல் வருஷம் இவர்கள் ஒட்டாதவர்களாகத் தெரிவார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டார்கள், வீட்டுக்கு வாருங்கள் என்று சும்மா சொல்ல மாட்டார்கள். சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்யும்போதுதான் இவர்கள் வாய் திறக்கும், அதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள், "தூக்னாட்". குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் பொதுவேலை செய்வது. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் நோட்டீஸ் ஒட்டுவார்கள். குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்க நடைபாதையில் கொட்டிய சின்னக் கல்லை எல்லாம் பெருக்கி அள்ள வேண்டும், இலைகளை வாரி மூட்டை கட்ட வேண்டும், பெஞ்சுக்கு வர்ணம் அடிக்க வேண்டும். முடிந்ததும் ஒரு மேசையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் காப்பியும். ஓஸ்லோவில் முதல் வருஷம் எனக்கு வேலை இருக்கிறது என்று போகாமல் விட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் போய்த் துடைப்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான், இரண்டு வருஷமாக லிஃப்டில் தலையை மட்டும் அசைத்த கீழ்வீட்டுக்காரர் தன் பேர் என்ன என்று சொன்னார். ஆகவே எந்த ஊரானாலும் தூக்னாட் நோட்டீஸ் வந்தால் விடாதீர்கள்.

இந்த நாட்டில் நம்பிக்கை எப்படி உருவானது என்று நிறைய யோசித்திருக்கிறேன். 1969 கடைசியில் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்தது. அந்தப் பணத்தை அப்போதைக்கு அப்போதே செலவழித்துவிடாமல் 1990-ல் சட்டம் போட்டு ஒரு நிதி ஏற்படுத்தினார்கள், 1996-ல் முதல் தொகையைப் போட்டார்கள், இன்றைக்கு உலகின் மிகப்பெரிய அரசு முதலீட்டு நிதிகளில் ஒன்று அது. யார் எவ்வளவு வருமானம் காட்டினார்கள், எவ்வளவு வரி கட்டினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்த்தது யார் என்பது பார்க்கப்பட்டவருக்கும் தெரிந்துவிடும். பிரசவ விடுப்பில் அப்பாவுக்கென்று தனிப்பங்கு 1993-லேயே வந்துவிட்டது, இப்போது 15 வாரம், அவர் எடுக்காவிட்டால் அது பொதுவாக வீணாகிவிடும். எங்கள் வீட்டில் அவர் எடுத்தார், மாமியாருக்குப் போனில் புரிய வைக்க ஒரு வாரம் ஆனது.

எல்லாம் நல்லது என்று எழுதிவிட்டால் பொய்யாகிவிடும். வடக்கே ஆதியிலிருந்து வாழும் சாமி மக்களின் மொழியைப் பல தலைமுறையாகப் பள்ளிகளில் ஒடுக்கிய நாடும் இதுதான். 1917 பிப்ரவரி 6-ல் சாமி மக்களின் முதல் பேரவை டிரான்ஹைமில்தான் கூடியது, அந்த நாள்தான் இப்போது அவர்கள் தேசிய நாள். அவர்களுடைய நாடாளுமன்றம் காரஷ்யோக்கில் 1989-ல் திறக்கப்பட்டது. டிரான்ஹைமுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஃபோசன் தீபகற்பத்தில் வைத்த காற்றாலைகள் கலைமான் மேய்ப்பவர்களின் உரிமையை மீறுகின்றன என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் ஓடியதால் இளைஞர்கள் அமைச்சகங்களின் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். டிரோம்சோவில் பிப்ரவரியில் சாமி வாரம் நடக்கும், நடுத்தெருவில் கலைமான் ஓட்டப்பந்தயம், பின்னால் ஸ்கீயில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பறப்பார். அங்கே போனால் அதைத் தவற விடக் கூடாது.

தமிழர்கள் எங்கே அதிகம் என்றால் ஓஸ்லோவும் அதன் சுற்றுப்புறமும்தான். பெரும்பாலும் ஈழத்தமிழர்கள், நம்மைப் போல வேலை விசாவில் வந்தவர்கள் பிறகுதான். யாழ்ப்பாணத்துக்கும் நார்வேக்கும் உறவு மீன்பிடியில் தொடங்கியது, 1960-களில் தொடங்கிய சீநோர் மீன்பிடித் திட்டத்தைக் காரைநகர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு படிக்க வந்தார்கள், போர் முற்றிய காலத்தில் அகதிகளாக வந்தார்கள். பலர் முதலில் வேலை பார்த்தது வடகோடியில் வார்டோ, போட்ஸ்ஃபியோர்டு போன்ற ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில். பிள்ளைகள் படிப்புக்காகத்தான் தெற்கே இறங்கினார்கள். மூன்று வயதில் அப்படி வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் ஓஸ்லோ துணை மேயராகி, 2021-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஓஸ்லோவில் மட்டும் இல்லை, பெர்கனிலும் டிரான்ஹைமிலும் உண்டு, என் மகன் தமிழ் எழுதுவது அந்த அக்காமார் புண்ணியத்தில்தான்.

ஆக யாருக்கு எந்த ஊர்?

கணவன் மனைவி இருவருக்கும் ஆங்கிலத்தில் ஓடக்கூடிய வேலை என்றால், அல்லது வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் பறக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் ஓஸ்லோ. ஓஸ்லோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. மெட்ரோவில் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு ஏறி அரை மணி நேரத்தில் காட்டுக்குள் இறங்க முடிகிற தலைநகரம் உலகத்தில் எத்தனை இருக்கும்? ஸ்கீ வாங்கக் கூட வேண்டாம், "பூவா" என்ற கடன் கூடங்களில் இலவசமாகக் கொடுப்பார்கள், இது பல ஊர்களிலும் உண்டு.

கடல், மீன்வளர்ப்பு, கப்பல், மருத்துவம் என்று வேலை இருந்தால், மழை மனதைப் பாதிக்காது என்றால் பெர்கன். பெர்கன்காரர்கள் மற்ற நார்வேக்காரர்களை விட வாயாடிகள், அது நமக்கு நல்லது. மே 17, 1814-ல் அரசியல் சாசனம் எழுதிய நாள், அன்றைக்கு எல்லா ஊரிலும் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள், பெர்கனில் மட்டும் அதற்கு முந்தைய பல வாரமாகவே சின்னப் பையன்களின் மேளப்படைகள் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு சுற்றும்.

டாக்டர், நர்ஸ், துருவ ஆராய்ச்சி செய்கிறவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், இரண்டு மூன்று வருஷம் வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்கிறவர்கள் டிரோம்சோ போகலாம். பிப்ரவரியில் ஸ்க்ரெய் வரும், முட்டையிட நார்வேயின் வடக்குக் கடற்கரையோரம் வரும் பெரிய காட் மீன், படகிலிருந்து இறங்கியதை அப்படியே வாங்கிப் புளிக்குழம்பு வைத்தால் நம் வஞ்சிரத்தை மறந்துவிடுவீர்கள்.

குழந்தையோடு, வேலை தேடப்போகும் மனைவியோடு முதன்முதலாக இந்த நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு டிரான்ஹைம். கிட்டத்தட்ட 2 லட்சத்துச் சொச்சம் பேர், அதில் கணிசமானோர் மாணவர்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேர் 1910-லிருந்து அங்கே இருப்பதால் தொழில்நுட்பத் துறையில் வேலை மாறவும் வாய்ப்பு உண்டு. 997-ல் தொடங்கிய ஊர், நீதாரோஸ் பேராலயத்தைச் சுற்றி ஆறு வளைந்து ஓடுகிறது, நடந்தே எல்லாம் போய்விடலாம். நூலகத்தில் வாரா வாரம் மொழிக் காப்பிக்கடை என்று வைத்து இலவசமாகப் பேச வைப்பார்கள். அங்கே இரண்டு மூன்று வருஷம் இருந்து மொழியைப் பிடித்துவிட்டால் பிறகு ஓஸ்லோவுக்குப் போங்கள், அப்போது அந்த ஊரும் வேறு மாதிரி திறக்கும். எனக்கு அது தலைகீழாக நடந்தது, ஓஸ்லோவில் விட்ட மொழியை டிரோம்சோவில்தான் திரும்பப் பிடித்தேன்.

அவன் டிரான்ஹைம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், ஆகஸ்டில் வருகிறார்கள். பார்னஹாகேவுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பெரும்பாலான நகராட்சிகளில் மார்ச் 1, அது போய்விட்டது, ஆனாலும் தாமத விண்ணப்பத்தை வந்து இறங்கிய அன்றே போடச் சொல்லியிருக்கிறேன். பெட்டியில் இடம் இருந்தால் புளி, சாம்பார் பொடி, இட்லித் தட்டு. ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் இந்தியாவில் வாங்கவே வேண்டாம், அவை இந்தக் குளிருக்கு உதவாது. உள்ளே போடும் மெரினோ கம்பளி உடுப்பை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம், மகளுக்கு என் மகன் போட்டு வளர்ந்துவிட்ட மழை உடுப்பு இரண்டு செட் இருக்கிறது, அதைத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.